ஸ்லேயரின் ஜெஃப் ஹானமன்: 29 நிமிடத்தில் மெட்டலின் போக்கை மாற்றியவர்

ஸ்லேயர் என்ற அமெரிக்க மெட்டல் குழு 1986 அக்டோபரில் வெளியிட்ட 'ரெய்ன் இன் பிளட்' கேசட்டில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் பக்கம் முடிந்து திருப்பிப் போட்டால் மறுபடியும் அதே பாட்டுகள் ஓடும். பத்துப் பாட்டும் சேர்ந்து 29 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். கேசட்டின் ஒரு பக்கத்திலேயே முழு ஆல்பமும் அடங்கிவிட்டதால், மறுபக்கத்திலும் அதையே பதிந்துவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் வந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். இரண்டும் த்ராஷ் மெட்டல், இரண்டும் கலிஃபோர்னியா, இரண்டும் இன்றுவரை அந்த இசையின் உச்சம் என்று பேசப்படுபவை. ஆனால் ஒன்று விரிந்து விரிந்து போகிறது, மற்றது நறுக்கென்று வெட்டிக்கொண்டு போகிறது.

அந்த நறுக்குக்கு முக்கியக் காரணம் ஜெஃப் ஹானமன். ஸ்லேயரின் இரண்டு கிட்டார்காரர்களில் ஒருவர், 'ரெய்ன் இன் பிளட்' பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் இசையில் பங்குள்ளவர். சிறந்த கிட்டார்காரர்கள் பட்டியல் போடும்போது இவர் பெயர் முன்னால் வராது. சோலோக்களை, அதாவது பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்புகளை, வைத்து எடைபோட்டால் அது நியாயம்தான், வாசிப்பில் இவரைவிடத் தேர்ந்தவர்கள் அதே தலைமுறையில் பத்துப் பேராவது இருந்தார்கள். ஆனால் பின்னால் வந்த டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்ற இன்னும் கடுமையான வகைகள் யாருடைய ரிஃப்களை (பாட்டைத் தாங்கி நிற்கிற சிறு கிட்டார் சொற்றொடர்களை)ப் பிடித்துக்கொண்டு மேலே போயின என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டிய பெயர்களில் ஹானமனுடையது ஒன்று. இவரை வாசிப்பவராகப் பார்ப்பதைவிட எழுதுபவராகப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும் என்பது என் கட்சி.

த்ராஷ் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970களின் கடைசியில் பிரிட்டனில் அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட் போன்ற குழுக்கள் ஹெவி மெட்டலை வேகப்படுத்தின. அமெரிக்காவில் அதே சமயம் ஹார்ட்கோர் பங்க் கிளம்பியது: ஒன்றரை நிமிடப் பாட்டு, மூன்று கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டு), கத்தல். 80களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பதின்வயதுப் பையன்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதில் பிறந்தது த்ராஷ். மெட்டாலிகா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் என்ற நான்கு குழுக்களை 'பிக் ஃபோர்' என்பார்கள். இவர்களில் ஆந்த்ராக்ஸ் மட்டும் நியூயார்க். கலவையில் எது எவ்வளவு என்பதுதான் குழுவுக்குக் குழு வித்தியாசம். ஸ்லேயரில் பங்கின் அளவு கூடியதற்குக் காரணம் ஹானமன்.

அவர் பிறந்தது 1964 ஜனவரி 31, ஓக்லாந்தில். வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய லாங் பீச். அப்பா இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் சண்டையிட்டவர், அண்ணன்மார் வியட்நாம் போருக்குப் போனவர்கள். வீட்டில் பேச்சே போரைப் பற்றித்தான். இது பின்னால் அவருடைய வரிகளில் எப்படி வந்து நின்றது என்பதைத் தனியாகப் பார்க்கலாம்.

1981-ல் கெர்ரி கிங் என்ற இன்னொரு கிட்டார்காரரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஸ்லேயர். பேஸ் வாசித்துப் பாடியவர் டாம் அராயா, சிலியில் பிறந்தவர், அப்போது மருத்துவமனையில் சுவாச சிகிச்சைப் பணியில் இருந்தார். டிரம்ஸுக்கு வந்த டேவ் லொம்பார்டோ கியூபாவில் பிறந்தவர், பீட்சா டெலிவரி செய்துகொண்டிருந்த பையன். முதலில் எல்லாரையும்போல அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகளைத்தான் கிளப்புகளில் வாசித்தார்கள். அனஹைமில் அப்படி ஒரு நிகழ்ச்சியில் அவர்களைப் பார்த்த பிரையன் ஸ்லேகல், தன் 'மெட்டல் பிளேட்' நிறுவனத்தின் தொகுப்பு ஆல்பத்துக்கு ஒரு பாட்டுக் கேட்டார். அடுத்து 1983 டிசம்பரில் முதல் ஆல்பம் 'ஷோ நோ மெர்சி'. அதற்கான செலவு அராயாவின் சேமிப்பும் கிங்கின் அப்பாவிடம் வாங்கிய கடனும்.

'ஷோ நோ மெர்சி'யை இன்று கேட்டால் நல்ல குழு, ஆனால் இன்னும் அயர்ன் மெய்டனின் நிழலில் இருக்கிற குழு என்றுதான் தோன்றும். மாற்றம் அதற்கப்புறம் வந்தது. ஹானமன் பங்க்கில் முழுசாக மூழ்கிவிட்டார். டெட் கென்னடிஸ், பிளாக் ஃபிளாக், மைனர் த்ரெட், டி.எஸ்.ஓ.எல் என்று பங்க் குழுக்களின் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டினார். லொம்பார்டோவுக்குப் பங்க் அறிமுகமானதே ஹானமன் வழியாகத்தான். கிங்குக்கு முதலில் ஒட்டவில்லை, அவர் பச்சை ஹெவி மெட்டல் ஆள். 1984-ல் ஹானமனும் லொம்பார்டோவும் 'சூசைடல் டெண்டன்சீஸ்' குழுவின் ராக்கி ஜார்ஜோடு சேர்ந்து 'பாப் ஸ்மியர்' என்று ஒரு தனிப் பங்க் குழுவே வைத்துப் பார்த்தார்கள். அதைக் கலைத்துவிடச் சொன்னவர் பின்னால் ஸ்லேயரின் தயாரிப்பாளராக வந்த ரிக் ரூபின். நல்ல ஆலோசனைதான். தனிக் குழுவுக்குப் போயிருக்க வேண்டிய வெறி ஸ்லேயருக்குள்ளேயே திரும்பி வந்தது.

பங்க்கிலிருந்து ஹானமன் எடுத்துக்கொண்டது வேகத்தை மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்ததாகும். வேகம் அப்போது எல்லாரிடமும் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது பொறுமையின்மை. மெட்டாலிகா, மெகாடெத் பாட்டுகளில் ஒரே ரிஃப் திரும்பத் திரும்ப வருவது தங்களுக்கு அலுப்பாக இருந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு ரிஃப் வேலையை முடித்துவிட்டால் அடுத்ததுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். 'ரெய்ன் இன் பிளட்'டில் இரண்டரை நிமிடப் பாட்டுக்குள் ஐந்தாறு ரிஃப் வந்து போவது இதனால்தான். பல்லவியைக் காதில் பதியவைக்கும் வழக்கமான வேலையையே அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் செய்வதில்லை.

ரிஃப்பின் உள்ளே

இனி கொஞ்சம் சுரக் கணக்கு. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது உள்ளவர்களுக்கு இது எளிதாகவே பிடிபடும்.

ராக் கிட்டாரின் அடித்தளம் ப்ளூஸிலிருந்து வந்த ஐந்து சுர வரிசை. நம் பெயரில் சொன்னால் கிட்டத்தட்ட சுத்த தன்யாசியின் சுரங்கள். லெட் ஸெப்பலின் முதல் ஏசி/டிசி வரை ரிஃப்பும் சோலோவும் இதைச் சுற்றியே திரியும். அதனால்தான் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் அவற்றில் ஒரு பாட்டுத்தன்மை இருக்கும், முணுமுணுக்க முடியும். அயர்ன் மெய்டன் வகை மெட்டல் இன்னும் ஒரு படி மேலே போய் ஏழு சுர மெலடிகளை இரண்டு கிட்டாரில் சேர்த்து வாசித்தது.

ஹானமன் இந்த இரண்டையும் விட்டு விலகினார். அவருடைய ரிஃப்களில் சுரம் பக்கத்துச் சுரத்துக்கு நழுவும், அங்கிருந்து அதற்கும் பக்கத்துக்கு. அரைச்சுரம் அரைச்சுரமாக ஊரும் இந்தப் போக்கைக் குரோமேட்டிக் என்பார்கள். ஆதார சட்ஜத்துக்கு மேல் அவர் அடிக்கடி தொடும் இடங்கள் இரண்டு: ஒட்டி நிற்கிற சுத்த ரிஷபம், அப்புறம் பிரதி மத்யமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேற்கத்திய இசையில் டிரைடோன் என்பார்கள். பழைய ஐரோப்பிய இசைக் கோட்பாட்டில் அதற்கு 'இசையிலுள்ள சாத்தான்' என்றே ஒரு பெயர் உண்டு. அந்த லத்தீன் பெயரைத்தான் ஸ்லேயர் 1998-ல் ஓர் ஆல்பத்துக்கு அப்படியே வைத்தது: 'டயபோலஸ் இன் மியூசிகா'.

நமக்கு ஒரு சந்தேகம் வரும். கல்யாணியில் பிரதி மத்யமம் இருக்கிறது, பந்துவராளியில் சுத்த ரிஷபமும் பிரதி மத்யமமும் சேர்ந்தே இருக்கின்றன, யாரும் பயந்து ஓடவில்லையே? உண்மைதான். சுரத்தில் பயம் கிடையாது. ராகத்தில் இந்தச் சுரங்கள் தம்பூராவின் சட்ஜ பஞ்சமத்துக்கு மேல், கமகத்தோடு, ஓர் ஒழுங்கான ஏற்ற இறக்கத்துக்குள் வருகின்றன. ஹானமன் ரிஃப்பில் அந்த ஒழுங்கு கிடையாது. அவர் தனிச் சுரமாகவும் பெரும்பாலும் வாசிப்பதில்லை. ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்துவதுதான் பவர் கார்டு. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) ஏற்றிய கிட்டாரில் நிறையச் சுரங்களைச் சேர்த்து அடித்தால் சத்தம் குழம்பிவிடும், ச–ப ஜோடி மட்டும் கெட்டியாக நிற்கும். இந்தக் கெட்டியான கட்டையை அப்படியே பெயர்த்து அரைச்சுரம் தள்ளி வைத்தால், சுருதியே இடம் மாறிவிட்டதுபோல இருக்கும். நிமிடத்துக்கு 200 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் அதைத் தொடர்ந்து செய்துகொண்டே போனால் கேட்பவருக்குக் காலூன்ற இடமே இருக்காது. ஸ்லேயர் தருகிற பதற்றத்தின் தொழில்நுட்பம் இதுதான்.

'ரெய்னிங் பிளட்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழைச் சத்தம், இடி, லொம்பார்டோவின் டாம் டிரம்களில் மூன்று மூன்றாக விழும் அடி, அப்புறம் அந்த ரிஃப். தடித்த கம்பியைத் திறந்தபடி விட்டு, உள்ளங்கையை அதன் மேல் லேசாக வைத்து அமுக்கிக்கொண்டு மூன்று மூன்றாகக் குதிரை ஓட்டத்தில் தட்டுகிறார்கள். இடையிடையே மேலேயிருந்து சுரங்கள் படிப்படியாக இறங்குகின்றன. கிட்டார் கற்றுக்கொள்ளும் பையன் இரண்டாம் மாதத்திலேயே மெதுவாக வாசித்துவிடலாம், விரல் வித்தை எதுவும் கிடையாது. ஆனால் இதை யோசித்துக் கண்டுபிடிப்பது வேறு விஷயம். 2007-ல் வந்த 'கிட்டார் ஹீரோ 3' விளையாட்டில் இந்தப் பாட்டு மிகக் கடினமானவற்றுள் ஒன்றாகச் சேர்ந்து, ஸ்லேயர் பெயரே கேள்விப்படாத ஒரு தலைமுறையின் கட்டைவிரல்களைப் பதம் பார்த்தது.

சோலோக்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரமான பே ஏரியாவின் த்ராஷ்காரர்களில் மெட்டாலிகாவின் கர்க் ஹாமெட்டும் டெஸ்டமெண்டின் அலெக்ஸ் ஸ்கோல்னிக்கும் ஜோ சாட்ரியானியிடம் முறையாகப் பாடம் கேட்டவர்கள். அது அவர்கள் வாசிப்பில் தெரியும். ஹானமன், கிங் சோலோக்கள் அப்படி இல்லை. கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் வேம்மி பார் என்ற கைப்பிடியைப் பிடித்து உலுக்குவார்கள், கிட்டார் அலறும், சுரம் எந்த அளவுகோலிலும் நிற்காது. விமர்சகர்கள் இதைக் கிண்டலடித்தார்கள். அதில் பாதி சரி: பல சோலோக்கள் இடம்மாற்றி வைத்தாலும் தெரியாத மாதிரி இருக்கும். ஆனால் அத்தனை அழுத்தமான ரிஃப்புக்கு நடுவில் அழகான மெலடி சோலோ ஒன்று வந்திருந்தால் பாட்டின் சூடே இறங்கியிருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

'ரெய்ன் இன் பிளட்' இந்த வடிவத்தில் கிடைத்ததற்கு ரிக் ரூபினுக்கும் பங்கு உண்டு. அவருடைய 'டெஃப் ஜாம்' ஹிப்ஹாப் நிறுவனம், எல்.எல். கூல் ஜே, பீஸ்டி பாய்ஸ் எல்லாம் அங்கேதான். மெட்டல் ஆல்பம் தயாரித்த அனுபவம் அவருக்கு இல்லை, அதுவே நல்லதாய்ப் போனது. அந்தக் கால மெட்டல் ஆல்பங்களில் எதிரொலியை அள்ளிக் கொட்டுவார்கள், பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோலத் தெரிய வேண்டுமென்று. ஸ்லேயரின் முந்தைய ஆல்பமான 'ஹெல் அவெய்ட்ஸ்' (1985) அப்படித்தான். இந்த வேகத்தில் எதிரொலி இருந்தால் ஒரு தட்டின் வால் அடுத்த தட்டின் தலையில் ஏறிவிடும். ரூபினும் ஒலிப்பொறியாளர் ஆண்டி வாலஸும் அதைத் துடைத்தெடுத்தார்கள். ஒவ்வொரு தட்டும் காதுக்கு ஓரங்குலம் தள்ளி விழுகிற மாதிரி ஒலிப்பது அதனால்தான்.

இந்த ஹிப்ஹாப் தொடர்பு இன்னொரு வழியிலும் பலித்தது. 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டு பேய் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கும், கனமான ஒரு ரிஃப் வரும். அதே நிறுவனத்தைச் சேர்ந்த ராப் குழுவான பப்ளிக் எனிமி 1988-ல் அந்த ரிஃப்பை வெட்டியெடுத்து 'ஷி வாட்ச் சேனல் ஸீரோ' பாட்டுக்கு அடித்தளமாக்கினார்கள். ராப்பும் மெட்டலும் சேர்ந்த கதையைச் சொல்லும்போது ஆந்த்ராக்ஸையும் ஏரோஸ்மித்தையும் சொல்வார்கள், ஹானமனின் இந்த ரிஃப்பை மறந்துவிடுவார்கள்.

மெங்கலே பாட்டும் பதக்கப் பெட்டியும்

'ஏஞ்சல் ஆஃப் டெத்' எழுப்பிய சர்ச்சை அதன் இசையால் அல்ல. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள்மீது கொடூரப் பரிசோதனைகள் செய்த நாஜி மருத்துவன் யோசஃப் மெங்கலேதான் பாட்டின் பொருள். வரிகளும் இசையும் ஹானமன். அங்கே நடந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது பாட்டு, எங்கேயும் நின்று 'இது தவறு' என்று சொல்வதில்லை. டெஃப் ஜாமின் விநியோகஸ்தரான கொலம்பியா ஆல்பத்தை வெளியிட மறுத்துவிட்டது. கடைசியில் கெஃபன் நிறுவனம் விநியோகித்தது, அதுவும் தன் அதிகாரபூர்வ வெளியீட்டு அட்டவணையில் சேர்க்காமல். முகாமிலிருந்து உயிர்தப்பியவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கோபப்பட்டார்கள். ஸ்லேயர் நாஜி அனுதாபிகள் என்ற பேச்சு கிளம்பியது, பல ஆண்டுகள் ஓயவில்லை.

ஹானமனின் பதில் நேரடியானது. மெங்கலே கெட்டவன் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதைப் பாட்டில் வேறு எழுத வேண்டுமா என்றார். மெங்கலேயைப் பற்றிப் புத்தகங்கள் படித்ததிலிருந்து பாட்டு வந்தது என்றும் சொன்னார். குழுவின் பாடகர் சிலியில் பிறந்தவர், டிரம்மர் கியூபாவில் பிறந்தவர் என்பதையும் ரசிகர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

பாட்டைப் பொறுத்தவரை அவர் பதிலை ஏற்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. விவரங்களே போதும், கேட்பவருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் பாட்டு தனியாக வரவில்லை. அப்பா போர்க்களத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜெர்மன் பதக்கங்களில் தொடங்கி, ஹானமன் நாஜி காலப் போர்ச் சின்னங்களைச் சேகரிப்பவராக ஆனார். குழுவின் ரசிகர் மன்றத்துக்கு 'ஸ்லேட்டானிக் வேர்மாக்ட்' என்று ஹிட்லர் காலப் படையின் பெயரை ஒட்டியே பெயர் வைத்தார்கள். இதெல்லாம் வரலாற்று ஆர்வம் மட்டும் என்று சொன்னால் நம்பக் கொஞ்சம் கஷ்டம். அதிர்ச்சி விற்கும் என்பது இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதே உத்தியை அவர் கடைசிவரை விடவில்லை. 2006-ல் வந்த 'கிரைஸ்ட் இல்யூஷன்' ஆல்பத்தில் 'ஜிஹாத்' என்று ஒரு பாட்டு, செப்டம்பர் 11 தாக்குதலை நடத்தியவனின் கண்ணோட்டத்தில் போகும். இங்கும் தீர்ப்பு கிடையாது. இந்தியாவில் அந்த ஆல்பம் நிலைக்கவில்லை. அட்டைப்படம் முக்கியக் காரணமாக, மும்பையில் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்தது. ஈ.எம்.ஐ. இந்தியா பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று அழித்துவிட்டது. அதே ஆல்பத்திலுள்ள 'ஐஸ் ஆஃப் தி இன்சேன்' பாட்டுக்கு 2007-ல் கிராமி விருது கிடைத்தது. போரிலிருந்து திரும்பிய சிப்பாயின் மனக்காயம் அதன் பொருள். வரிகள் அராயா, இசை ஹானமன். போரைப் பற்றி ஸ்லேயர் எழுதிய பாட்டுகளில் மனிதனுக்கு மிக அருகில் போவது இதுதான். அடுத்த ஆண்டு 'ஃபைனல் சிக்ஸ்' பாட்டுக்கு இரண்டாவது கிராமி.

வேகத்தைக் குறைத்தபோது

'ரெய்ன் இன் பிளட்' வந்தபின் எல்லாரும் எதிர்பார்த்தது இன்னும் வேகமான ஆல்பம். குழு நேர்மாறாகப் போனது. வேகத்தில் இதைத் தாண்ட முடியாது, முயன்றால் நகல் ஆகிவிடும் என்று புரிந்துகொண்டு, வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்கள். 1988-ன் 'சவுத் ஆஃப் ஹெவன்' அப்படி வந்தது. தலைப்புப் பாட்டின் தொடக்க ரிஃப்பைக் கேட்டால் மேலே சொன்ன அரைச்சுர விளையாட்டு முழுவதும் அங்கே இருக்கிறது, இப்போது நிதானமாக, ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரிய. வேகம் போனாலும் அச்சம் போகவில்லை. அப்படியானால் அச்சம் வேகத்தில் இல்லை, ரிஃப்பின் கட்டுமானத்தில்தான் இருந்திருக்கிறது. ஹானமனின் எழுத்து எவ்வளவு உறுதியானது என்பதற்கு எனக்கு இதைவிடச் சிறந்த சான்று தெரியாது. வெளியானபோது பல ரசிகர்களுக்கு ஏமாற்றம். இன்று திரும்பிப் பார்த்தால் ஸ்லேயரின் ஆயுள் நீண்டதே இந்த முடிவால்தான். 1990-ல் வந்த 'சீசன்ஸ் இன் தி அபிஸ்' இரண்டு போக்கையும் சேர்த்துக்கட்டியது. 'வார் என்சம்பிள்' பழைய வேகம், தலைப்புப் பாட்டு புதிய நிதானம், இரண்டுக்கும் இசை ஹானமன். தலைப்புப் பாட்டின் வீடியோவை எகிப்தில் பிரமிடுகளுக்கு முன்னால் எடுத்தார்கள்.

90களின் நடுப்பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். லொம்பார்டோ 1992-லேயே விலகியிருந்தார், மெட்டலுக்கே மவுசு குறைந்தது. 1996-ல் 'அன்டிஸ்பியூட்டட் ஆட்டிட்யூட்' என்று பழைய பங்க் பாட்டுகளை மறுபதிவு செய்த ஓர் ஆல்பம் வந்தது, ஹானமனின் பாப் ஸ்மியர் பாட்டுகள் இரண்டும் அதில் உண்டு. அவருடைய இளமைக் காலச் சேகரிப்பு அலமாரியைத் திறந்து காட்டியது போலத்தான் அது. ஆனால் மைனர் த்ரெட் பாட்டொன்றின் இறுதி வரியை மாற்றிப் பாடி, அதை எழுதியவரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். தேவையில்லாத வேலை. 'டயபோலஸ் இன் மியூசிகா'வில் பெரும்பகுதி ஹானமன் எழுதியது. அந்தக் காலத்தில் ஓடிய, மிதவேகத் தாளத்தை அழுத்தும் க்ரூவ் மெட்டல் பாணியை ஒட்டிப் போனதால் கிங்குக்கே பிடிக்காத ஆல்பம் அது.

யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது

செல்வாக்கைச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா மெட்டல் குழுவும் 'ஸ்லேயர் எங்களுக்கு உயிர்' என்றுதான் சொல்லும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இசையில் என்ன போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதே சரி.

டெத் மெட்டல் 80களின் கடைசியில் ஃப்ளோரிடாவின் டாம்பா வட்டாரத்தில் உருவெடுத்தபோது, அதற்கு அடிப்படையாக அமைந்தது ஹானமன் வகைக் குரோமேட்டிக் ரிஃப். மெலடியைக் கிட்டத்தட்ட முழுவதும் விட்டுவிட்டு, தாழ்ந்த சுருதியில், அரைச்சுரங்களும் டிரைடோனுமாகவே பாட்டு கட்டலாம் என்பதை ஸ்லேயர் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டிருந்தது. டெத் மெட்டல் அதோடு உறுமல் குரலையும் இன்னும் வேகமான டிரம்ஸையும் சேர்த்தது. பின்னாளில் ஹானமனால் மேடையேற முடியாமல் போனபோது தற்காலிகமாக வாசித்தவர்களில் ஒருவர் கேனிபல் கார்ப்ஸின் பேட் ஓ'பிரையன். டெத் மெட்டல் கிட்டார்காரர் ஒருவர் வந்து ஸ்லேயர் பாட்டுகளைத் தடுமாற்றமில்லாமல் வாசித்துவிட்டுப் போக முடிந்தது என்றால், இரண்டு மொழிக்கும் இலக்கணம் ஒன்று என்றுதானே அர்த்தம்?

இன்னொரு கிளை ஹார்ட்கோர் பக்கம் திரும்பிப் போனது. ஹானமன் பங்க்கிலிருந்து எடுத்ததை 90களின் ஹார்ட்கோர் குழுக்கள் வட்டியோடு திரும்ப எடுத்துக்கொண்டன. 'ஏஞ்சல் ஆஃப் டெத்' நடுவே வரும் பாதி வேக ரிஃப் போல, கூட்டம் ஒன்றாகக் குதிப்பதற்கென்றே பாட்டை நிறுத்தி இறக்கும் வழக்கம், மெட்டலும் ஹார்ட்கோரும் கலந்த மெட்டல்கோரில் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. அந்த வகைக் குழுவான ஹேட்ப்ரீட் 2009-ல் தங்கள் முன்னோடிகளுக்காக வெளியிட்ட ஆல்பத்தில் ஸ்லேயரின் 'கோஸ்ட்ஸ் ஆஃப் வார்' இருக்கிறது.

எதிர்பாராத இடத்துக்கும் போனது. அமெரிக்கப் பாடகி டோரி ஏமோஸ் 2001-ல் 'ரெய்னிங் பிளட்' பாட்டை பியானோவில், தாழ்ந்த குரலில், யாருக்கும் அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாக்கிப் பாடினார். கிட்டாரும் டிரம்ஸும் இல்லாமல் அந்தச் சுரங்கள் மட்டும் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ள அதை ஒருமுறை கேட்கலாம்.

2011 தொடக்கத்தில் ஹானமனின் வலது கையில் சதையை அரிக்கும் நோய்த்தொற்று பரவியது. சிலந்திக் கடி காரணமாக இருக்கலாம் என்று குழு அறிவித்தது. கையையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை, பல அறுவைச் சிகிச்சைகள், தோல் ஒட்டு. அவர் இடத்தில் எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட் வாசிக்கத் தொடங்கினார். ஹோல்ட் த்ராஷின் முதல் தலைமுறை ஆள், வாசிப்பில் ஹானமனைவிடத் தேர்ந்தவர் என்றுகூடச் சொல்லலாம். ஏப்ரல் 23 அன்று கலிஃபோர்னியாவின் இண்டியோவில் பிக் ஃபோர் நான்கும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியில் ஹானமன் கடைசி இரண்டு பாட்டுக்கு மட்டும் மேடைக்கு வந்தார்: 'சவுத் ஆஃப் ஹெவன்', 'ஏஞ்சல் ஆஃப் டெத்'. அதன்பின் மேடையேறவில்லை. த்ராஷில் தாளத்தை ஓட்டுவது வலது கை. அந்தக் கை பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை.

2013 மே 2-ல் கல்லீரல் செயலிழந்து இறந்தபோது வயது 49. நீண்ட காலக் குடியால் வந்த சிரோசிஸ். முதலில் பலரும் சிலந்திக் கடியோடு முடிச்சுப் போட்டு எழுதினார்கள், அது உண்மையில்லை. பீர் கம்பெனி ஹைனெகனின் முத்திரையில் தன் பெயரைப் பொருத்திக் கிட்டாரில் ஒட்டிக்கொண்டிருந்தவர் அவர். ரசிகர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்று அந்தப் படங்களைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவர் இல்லாமல் 2015-ல் வந்த 'ரிபென்ட்லெஸ்' பெரும்பாலும் கெர்ரி கிங்கின் ஆல்பம். ஹானமன் விட்டுப்போன பாட்டு ஒன்றே ஒன்று, 'பியானோ வயர்'. மோசமான ஆல்பம் இல்லை, ஆனால் ஒரே நிறம். கிங் எழுதுவது ஆத்திரம், ஹானமன் எழுதியது பீதி, இரண்டும் மாறி மாறி வந்ததுதான் ஸ்லேயர். ஹோல்ட் நன்றாக வாசிக்கிறார், குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆல்பத்துக்கு அவர் சோலோ வாசித்தாரே தவிர பாட்டு எழுதவில்லை. ஸ்லேயர் 2019 நவம்பரில் விடைபெற்று, 2024-ல் மறுபடி மேடைக்கு வந்தபோதும் கூட்டம் காத்திருந்தது ஹானமன் பாட்டுகளுக்குத்தான்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'ரெய்ன் இன் பிளட்'டைத் துண்டு துண்டாகக் கேட்காமல் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. முதல் தடவை எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் தெரியும். அடுத்து 'சவுத் ஆஃப் ஹெவன்' தலைப்புப் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, திரும்ப 'ரெய்ன் இன் பிளட்'டுக்கு வாருங்கள். ரிஃப்கள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதானால், சாப்பாட்டு நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.